ஒரு பல்சர் விவாதமும் இரண்டு தேதிகளும்

இயற்பியல் துறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பச்சைக் கோப்பு இருக்கிறது. மேலே ‘இதரக் கடிதங்கள்’ என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கும். போன மாதம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக நான் கல்லூரிக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் அதைத் தூக்கிக் காட்டி, “இதையெல்லாம் கிழிச்சுப் போட்டுரலாமா மேடம்?” என்று கேட்டீர்கள். அதில் இருப்பவை எல்லாம் ஒரே வகைதான். சார்பியல் தவறு, ஒளியின் வேகம் மாறும், நான் நிரூபித்துவிட்டேன், தயவுசெய்து பதில் போடவும். இப்போதெல்லாம் தபாலில் வருவதில்லை, வாட்ஸ்ஆப்பில் வருகிறது என்றும் சொன்னீர்கள். அப்படியானால் கிழிக்கிற வேலையும் மிச்சம்.

அன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இதோ எழுதியிருக்கிறேன். வகுப்பை எப்படி நடத்துவது, விடைத்தாளை எப்படித் திருத்துவது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதை நீங்களே அடிபட்டுப் பழகிக்கொள்வீர்கள். முப்பத்தொரு வருட வேலையில் நான் வெட்கப்படுகிற நாட்கள் ஒன்பது. அந்த ஒன்பதும் அடுத்தடுத்து வந்தவை. அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருடம் முந்தி, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் போர்மேனாக இருந்த ஒருவர் துறைக்கு வர ஆரம்பித்தார். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் போர்மேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வாராந்திர விடுமுறை வியாழக்கிழமை. வியாழன் தவறாமல் பத்து மணிக்கெல்லாம் துறை வாசலில் நிற்பார். கையில் மஞ்சள் பை, பைக்குள் நீளவாட்டு நோட்டுகள். மொத்தம் பதினாறு நோட்டு. பதினெட்டு வருடமாக எழுதியது என்றார்.

அவருடைய கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டியிலிருந்து முன்பக்கமாக ஒரு கல்லை எறிந்தால், கல்லின் வேகத்தோடு வண்டியின் வேகமும் சேரும். ஒளிக்கும் அப்படியே சேர வேண்டும் என்பது அவர் கட்சி. நம்மை நோக்கி வருகிற விண்மீனின் ஒளி கொஞ்சம் வேகமாகவும், விலகிப் போகிற விண்மீனின் ஒளி கொஞ்சம் மெதுவாகவும் வர வேண்டும். நாம் சொல்வது, சேராது, எங்கிருந்து வந்தாலும் ஒரே வேகம்தான். பைத்தியக்காரத்தனமான கேள்வி இல்லை இது. பெரிய பெரிய ஆட்களே ஒரு காலத்தில் இதை வைத்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வாரம் நான் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் மழை பெய்தது, உட்காரச் சொன்னேன். அன்றைக்குக் கொள்கையைப் பற்றிப் பேசாமல், மில்லில் ஒரு பிட்டரோடு நடந்த சண்டையைச் சொன்னார்.

“ஒரு மிஷின் நின்னுபோச்சு மேடம். பெல்ட்ட மாத்துனான், ஓடிருச்சு. ரிஜிஸ்டர்ல காரணம் ‘பெல்ட்’னு எழுதிட்டான். மூணாம் நாளு அதே மிஷின் திரும்ப நின்னுச்சு. பாத்தா பேரிங். மிஷின் ஓடிருச்சுங்கறதுக்காக இவன் எழுதுன காரணம் சரியாயிருமா?”

“ஆகாது,” என்றேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

“இன்னொண்ணு மேடம். அந்த ரிஜிஸ்டர்ல ரெண்டு நேரம் போடணும். பழுது தெரிஞ்ச நேரம் ஒண்ணு, அதச் சொன்ன நேரம் ஒண்ணு. எங்க மேனேஜரு மொதல்ல அந்த ரெண்டத்தான் பாப்பாரு. பழுது வரத்தான் செய்யும், அது யாரு குத்தமும் இல்ல. தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்த நேரம் இருக்குல்ல, அதுக்குத்தான் மெமோ.”

நல்ல பழக்கம்தான் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

நாலு மாதம் இப்படியே போனது. எனக்கு அலுத்துவிட்டது. துறை மன்றக் கூட்டத்துக்கு அந்த முறை பேச்சாளர் யாரும் அகப்படவில்லை. சரி, இவரையே மேடையேற்றுவோம், அவர் தன் கொள்கையைச் சொல்லட்டும், நான் பல்சரை வைத்து மறுக்கிறேன், பிள்ளைகளுக்கும் ஒரு தவறான கொள்கையை எப்படி அவிழ்ப்பது என்று தெரியும் என்று யோசனை சொன்னேன். போர்மேனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அவரே ஒரு நிபந்தனையும் போட்டார்.

“தப்புன்னு காட்டிட்டீங்கன்னா அம்புட்டு நோட்டையும் பழைய பேப்பர்க்காரர்ட்ட போட்டுர்றேன் மேடம். வீட்லயும் அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். பதினெட்டு வருசமா சண்ட. ஒண்ணு நான் செயிக்கணும், இல்ல அவ செயிக்கணும்.”

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் முதல்வர் வேறு. போர்மேன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வந்திருந்தார். அரைமணி நேரம் தெளிவாகப் பேசினார். உண்மையைச் சொன்னால் எங்கள் துறையில் சிலர் பேசுவதைவிட நன்றாகவே பேசினார்.

அப்புறம் நான் எழுந்தேன். பல்சர் என்பது செத்துச் சுருங்கிப்போன விண்மீன், தன்னைத்தானே வேகமாகச் சுற்றும், சுற்றுக்கு ஒரு தரம் அதன் ரேடியோ கதிர் நம் பக்கம் வீசிவிட்டுப் போகும், டிக் டிக் என்று கடிகாரம் மாதிரி துடிப்புகள் வரும் என்று ஆரம்பித்தேன். சில பல்சர்கள் இன்னொரு விண்மீனைச் சுற்றுகின்றன. பாதிச் சுற்றில் நம்மை நோக்கி வரும், மீதிப் பாதியில் விலகிப் போகும்.

“வடமதுரையிலிருந்து இரண்டு பஸ் கிளம்புகிறது. முந்திக் கிளம்புவது மெதுவாகப் போகும், பிந்திக் கிளம்புவது வேகமாகப் போகும். தூரம் மட்டும் போதுமான அளவு இருந்தால் பிந்தியது முந்தியதைத் தாண்டிவிடும், இல்லையா? பல்சருக்கும் நமக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு. ஐயா சொல்வது சரியானால், பல்சர் வரும்போது விட்ட துடிப்பு, போகும்போது விட்ட துடிப்பைத் தாண்டி வந்து, எல்லாம் குழம்பிக் கூழாகியிருக்க வேண்டும். ஆனால் ஒன்றுகூட வரிசை பிசகாமல் வருகிறது.”

கைதட்டினார்கள். போர்மேன் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் பேனாவை வாயில் வைத்து யோசித்தார். பிறகு எழுந்தார்.

“மேடம் சொன்ன பஸ்ஸு நேரா வந்தாத்தான் அந்தக் கணக்கு. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவுல கேஸு கெடக்கு, அதுல எலெக்ட்ரான் கெடக்கு. ரேடியோ அலை வந்து அந்த எலெக்ட்ரான ஆட்டும். ஆடுற எலெக்ட்ரான் புதுசா அலை விடும். நம்மட்ட வந்து சேர்றது அந்தப் புது அலைதான மேடம்? எங்க மில்லுக்கு வாரவன் வேடசந்தூர்ல எறங்கி வேற பஸ்ஸு ஏறி வாரான். நான் கேட்டுல நின்னு அவனப் பாத்துட்டு, மொத பஸ்ஸு எம்புட்டு வேகத்துல வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?”

கேள்வியில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, என்ன என்று பிடிபடவில்லை. முதல்வர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூறு கண்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்தது பதில் இல்லை, நக்கல்.

“அண்டவெளியில ஒரு ஸ்பூன் இடத்துல தேடினா ஒரு எலெக்ட்ரான்கூட அகப்படாதுங்க. அதைப் போய் வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டுன்னா எப்படி? அந்த பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸும் இல்ல, ஆளும் இல்ல, டீக்கடையும் இல்ல!”

கொல்லென்று சிரித்தார்கள். முதல்வர் முழங்காலில் தட்டிக்கொண்டு சிரித்தார். போர்மேன் நோட்டை மூடினார். பிறகு, “சரி மேடம், ஒத்துக்கிர்றேன். வார ஞாயித்துக்கெழம நோட்ட எல்லாம் போட்டுர்றேன்,” என்று சொல்லி உட்கார்ந்தார். அதற்கும் கைதட்டல். இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

பதில் தெரியாதபோது நமக்கு நகைச்சுவை ரொம்ப நன்றாக வரும். மேடையேறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சிரித்த பிறகு, நீங்கள் பதில் சொல்லவே இல்லை என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது, கேட்டவரைத் தவிர.

நாலரை மணிக்குத் துறைக்குத் திரும்பினேன். விளக்கப் படத்தை வைப்பதற்காக முதுகலை வகுப்பறைக்குள் போனேன். காலையில் நான் நடத்திய பாடம் கரும்பலகையில் அழிக்காமல் இருந்தது. பல்சரின் ரேடியோ துடிப்பு வழியில் கிடக்கிற எலெக்ட்ரான்களால் தாமதமாகிறது, அலைநீளம் கூடக்கூடத் தாமதமும் கூடுகிறது, அந்தத் தாமதத்தை வைத்துத்தான் பல்சர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே மதிப்பிடுகிறோம் என்று, என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. காலையில் நான் தூரம் அளந்த எலெக்ட்ரான்களை மத்தியானம் நானே இல்லை என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். டஸ்டரைக் கையில் எடுத்தவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். போர்மேன் கேட்டது சரி. ரேடியோ பல்சரை வைத்து அவர் கொள்கையை மறுக்க முடியாது.

இது வெளியாட்கள் செய்கிற தப்பு இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. பல்சர் என்றால் நமக்கு ரேடியோ என்று பழகிப்போய்விட்டது, அந்த அலை என்னென்ன வழியாக வந்தது என்று ஒரு பாடத்தில் சொல்வோம், அடுத்த பாடத்தில் மறந்துவிடுவோம்.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்தேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. அலைநீளம் குறையக் குறைய, ஓர் அலை தன் பழைய வேகத்தை மறக்காமல் வருகிற தூரம் கூடும். ரேடியோ அலை பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக்கூடத் தாண்டாமலே மறந்துவிடும். எக்ஸ்ரே ஆயிரக்கணக்கான ஒளியாண்டு மறக்காது. எக்ஸ்ரே விடுகிற பல்சர்களிலும் இன்னொரு விண்மீனைச் சுற்றுபவை உண்டு. அவற்றின் துடிப்புகளும் வரிசை பிசகாமல்தான் வருகின்றன. ஆக, போர்மேன் கொள்கை தவறுதான். ஆனால் நான் சொன்ன காரணத்தால் இல்லை. எக்ஸ்ரே விஷயம் எப்போதோ ஆராய்ந்து எழுதி முடித்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

அவர் போன் நம்பரும் முகவரியும் அந்தப் பச்சைக் கோப்பில், நேரில் வருவதற்கு முந்தி அவர் போட்டிருந்த கடிதத்தின் அடியிலேயே இருந்தன. சனிக்கிழமை மத்தியானம் போன் செய்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை.

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் மட்டும் சொன்னேன். நல்ல மனிதர், யாரையும் நோகடிக்க மாட்டார். “விடுங்க மேடம். அவர் கொள்கை தப்பு, நீங்களும் தப்புன்னுதான் சொன்னீங்க. முடிவு சரிதானே? எந்த வழியில போனா என்ன?” என்றார். எனக்கு அது காதுக்கு இதமாகத்தான் இருந்தது. நானும் நாலு நாள் அதையே சொல்லிச் சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை முதல்வர் வராந்தாவில் என்னைப் பார்த்து, “பஸ் ஸ்டாண்டுல டீக்கடையும் இல்ல!” என்று மறுபடியும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இந்த ஒன்பது நாளில் எது மோசம் என்று கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

அடுத்த நாள் வியாழன். பத்து மணிக்கு என்னை அறியாமலே வாசலைப் பார்த்தேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக அங்கே யாரும் இல்லை. அன்று நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அதே மேடையில் என் தப்பை நான் சொன்னது துறைக் குறிப்பேட்டில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். அதை எழுதியவர் என்னைப் பெரிய மனுஷியாக்கிவிட்டார். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அது சுலபமான வேலை, பாதிப் பேர் கேட்கவே இல்லை. கஷ்டமானது அதற்கு முந்தி, வேடசந்தூரில் நடந்தது.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. போர்மேனின் மனைவிதான் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானா மேடம்? நீங்க நல்லா இருக்கணும்! போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்ததும் அம்புட்டையும் எடைக்குப் போட்டுட்டாரு. பதினெட்டு வருசத்துல இப்பத்தான் மனுசன் சாயங்காலம் எங்ககூட ஒக்காந்து டிவி பாக்குறாரு.”

சுவரில் பதித்த அலமாரியைக் காட்டினார். ஒரு தட்டு முழுக்கக் காலி. எங்கள் கல்லூரி போர்த்திய பொன்னாடை மட்டும் அதில் மடித்து வைத்திருந்தது.

பகல் ஷிப்ட் முடிந்து வந்த போர்மேன் கைலியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் உள்ளே ஓடி சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. “நீங்க அன்னைக்குக் கேட்டது சரி. நான் சொன்ன பதில் தப்பு,” என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கரும்பலகை, எலெக்ட்ரான், எக்ஸ்ரே எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரேக்கு வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார்.

“எக்ஸ்ரே மட்டும் எலெக்ட்ரான ஆட்டாதா மேடம்?”

“ஆட்டும். ஆனா ரொம்பக் கொஞ்சம். அம்புட்டுத் தூரம் வந்தும் பழைய வேகம் கலையாது.”

“பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸுன்னு சொல்லுங்க. நடுவுல எறங்குறதில்ல.”

“ஆமா.”

“அந்த பஸ்ஸும் வரிசையாத்தான் வருது.”

“வரிசையாத்தான் வருது.”

“அப்ப என் கொள்க செத்துருச்சு,” என்றார்.

“செத்துருச்சு.”

“சரி. அதுல வருத்தமில்ல மேடம். ஆனா அன்னைக்குச் சிரிச்சாங்கள்ல, அது நாலு நாளா காதுலயே கெடந்துச்சு. நம்ம கேட்டது அம்புட்டுக் கேணத்தனமாவா இருந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்.” என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எப்ப மேடம் தெரிஞ்சுச்சு?”

“இந்த வாரம் திரும்பப் பாத்தப்பதான்,” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டினார், நம்பிவிட்டார்.

பிறகு எழுந்து போய், அன்று மேடையில் எழுதிய நோட்டைக் கொண்டுவந்தார். பாதி வெள்ளைத் தாளாக இருந்ததால் அதை மட்டும் போடவில்லையாம். புதுப் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டார். ‘பழுது: ஒளி வேகம் பற்றிய என் கொள்கை’ என்று எழுதினார். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘ரேடியோ பல்சர்’ என்று எழுதி, அதை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் ‘எக்ஸ்ரே பல்சர்’ என்று எழுதினார். நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

“இதுல நீங்கதான் மேடம் கையெழுத்துப் போடணும். காரணத்தக் கண்டுபிடிச்சது நீங்க.”

போட்டேன்.

“தேதி மேடம்.”

அன்றைய தேதியைப் போட்டேன்.

“இது சொன்ன தேதி. பக்கத்துல தெரிஞ்ச தேதி.”

வேண்டுமென்று கேட்கவில்லை அவர். இருபத்தைந்து வருடமாக ரிஜிஸ்டர் எழுதுகிற கை, காலிக் கட்டத்தைப் பார்த்துக் கேட்கிறது. இந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாளைப் போட்டிருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. பேனாவைப் பிடித்தபடி நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, என் தப்பு எனக்குத் தெரிந்த நாளான, கூட்டம் நடந்த வியாழக்கிழமையின் தேதியைப் போட்டு, கீழே ‘மாலை 4.30’ என்றும் எழுதினேன்.

அவர் நோட்டை வாங்கிப் படித்தார். இரண்டு தேதியின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். ஒருமுறை திரும்பி அந்தக் காலித் தட்டைப் பார்த்தார்.

“நடுவுல ஒரு ஞாயித்துக்கெழம வருது மேடம்,” என்றார்.

“ஆமா,” என்றேன்.